எந்த மூடி?

1. இருபத்து நாலு வாத்து

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் பயிற்சிப் பள்ளியில், பிரின்சிபால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டது மொத்தம் மூன்று தடவை. முதல் தடவை அவர் புதிதாக வந்து சேர்ந்த அன்று எல்லாரையும் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். இரண்டாவது தடவை, அவர் வீட்டுக் கொலுவுக்கு ஒரு ஜோடி யானை வேண்டும் என்று. மூன்றாவது தடவை நடந்ததைத்தான் பள்ளிக்காரர்கள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அச்சில் மண் ஊற்றும் காஸ்டிங் வேலைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காம். படித்துவிட்டுச் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நானே சிரித்து முடித்து ரொம்ப நாளாகிறது.

அன்று காலை நான் உள்ளே போனபோது பிரின்சிபால் கையில் ஒரு கடுதாசி இருந்தது. எங்கள் லெக்சரர் இளவழகன் சார் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். வாய் ஓயாத மனுஷன். அவர் வாய் மூடி நின்றால் ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டேன்.

"என்னா மேரிம்மா, உங்க மூடியால இருபத்து நாலு வாத்து போயிடுச்சாமே?" என்றார் பிரின்சிபால்.

"நான் வாத்து வளக்கறதில்ல சார். வூட்டுல ரெண்டு கோழி இருக்குது, அதுவும் நல்லாதான் இருக்குது."

"பீங்கான் வாத்தும்மா!"

கடுதாசியைப் படித்துக் காட்டினார். தெற்கே ஒரு ஊரில் எங்களுடையதைப் போலவே ஒரு பீங்கான் பள்ளி. அங்கே வசந்தகுமாரி என்று ஒரு டீச்சர். இண்டர்நெட் பக்கத்தில் இருந்த 'ஆரோக்கியமேரி முறை'யைப் பார்த்து அதே மாதிரி மண் கரைத்திருக்கிறார். இருபத்து நாலு பிளாஸ்டர் அச்சிலும் ஊற்றியிருக்கிறார். ஊற்றிய வாத்து ஒன்றுகூட வெளியே வரவில்லை. அச்சுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை நெருங்கிவிட்டது, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருந்தார்.

இளவழகன் சார் மெதுவாகச் சொன்னார்: "அது சின்ன அச்சுப் பிழை சார்."

"இருபத்து நாலு அச்சும் பிழைக்கலன்னு அந்தம்மா எழுதியிருக்காங்க. நீங்க அச்சுப் பிழைங்கறீங்க!"

அப்புறம் என்னைப் பார்த்தார். "இது தீர்ற வரைக்கும் நீங்க ஹாலுக்குள்ள போக வேணாம். ஸ்டோர்ல இருங்க." நான் வெளியே போக வாசல்வரை வந்திருப்பேன், இளவழகன் சாரிடம் சொன்னார்: "மூணாங் கிளாஸு படிச்சவங்க சொல்றத எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினா இப்பிடித்தான் ஆவும்."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

2. நான் யார் என்றால்

என் பெயர் ஆரோக்கியமேரி. மூன்றாம் வகுப்புவரை கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்தை மட்டும் ஒருவர் சரிபார்த்திருக்கிறார்.

பள்ளியில் மண் சுமக்கிற ஆளாகச் சேர்ந்தேன். ரிஜிஸ்டரில் கடைசிவரை 'உதவியாளர்' என்றுதான் இருந்தது. ஆனால் காஸ்டிங் ஹாலில் மண் கரைத்துக் காட்டுவது, அச்சில் ஊற்றிக் காட்டுவது, பிரித்துக் காட்டுவது எல்லாம் நான்தான். லெக்சரர் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் என் கையைப் பார்ப்பார்கள். என்னிடம் பழகியவர்கள் இந்த ஊர்ப் பொம்மைப் பட்டறைகளில் பாதிப் பேர். வழியில் பார்த்தால் பைக்கை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே நிறுத்திச் சொல்ல வைப்பேன்.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பால் மாதிரி ஆக்கினால் அது ஸ்லிப். நாங்கள் மண்பால் என்போம். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மண் சுவரில் தோல் மாதிரி படியும். மீதியைக் கவிழ்த்துவிட்டு, படிந்தது காதுமடல் பதத்துக்கு வந்ததும் பிரித்தால் பொம்மை. ஆனால் வெறும் தண்ணீரில் மண் லேசில் கரையாது, களியாக நிற்கும். கரைய வைக்க நிறையத் தண்ணீர் விட்டால் பொம்மை வெடிக்கும். அதற்குத்தான் சோடியம் சிலிகேட். ஹாலில் எல்லாரும் அதை மருந்து என்றுதான் சொல்வோம். கொஞ்சம் விட்டால் போதும், களியாக நின்றது பாலாக ஓடும். அளவு குறைந்தால் களி. அளவு மிஞ்சினால் இன்னும் மோசம். ஓடினது மறுபடியும் கெட்டியாகிவிடும், தண்ணீர் குடிக்கிற அச்சின் கண்ணையும் அடைத்துவிடும். மனுஷனுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரியேதான்.

அந்த அளவைத்தான் நான் சொன்னேன். ஒரு மூட்டை மண்ணுக்கு ஒரு மூடி மருந்து.

3. விக்கலும் குழம்பும்

அந்தக் கடுதாசி வருவதற்கு முன்னால், இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஏழெட்டு வருஷம் கழித்து நடந்தது இது. ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட் வந்திருந்தது. அதில் இண்டர்நெட் ஓடினால் போன் வேலை செய்யாது, போன் வந்தால் இண்டர்நெட் அறுந்துவிடும். இளவழகன் சார் எந்நேரமும் அதன் முன்னால்தான் இருப்பார்.

ஒருநாள் ஹால் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். மண்பால் தெறித்துச் சட்டை கெட்டுவிடும் என்று எப்போதும் வாசலோடு சரி.

"மேரிம்மா, நம்ம பாடத்தையெல்லாம் விக்கியில போடப் போறேன்."

"விக்கலா சார்? தண்ணி குடிங்க, செரியா பூடும்."

"விக்கலு இல்லம்மா, விக்கி. அது ஒரு இண்டர்நெட்டு பக்கம். நாலஞ்சு ஊரு பீங்கான் ஸ்கூலு வாத்தியாருங்க எல்லாம் அவங்கவங்க பாடத்த அதுல எழுதுவாங்க. யாரு வேணாலும் படிக்கலாம். தப்பு இருந்தா யாரு வேணாலும் திருத்தலாம். திருத்தத் திருத்தப் பாடம் நல்லா ஆயிகினே இருக்கும்."

எனக்கு இது சரியாகப் படவில்லை. "நாம எழுதினத அடுத்த ஊருக்காரங்க அழிச்சி எழுதுவாங்களா?"

"ஆமா. அதான் நல்லது."

"என் கொழம்புல பக்கத்து வூட்டுக்காரி வந்து உப்பு போட்டா நல்லதா சார்?"

"கம்மியா இருந்தா போடட்டுமே."

"எனக்குக் கம்மியா இருக்காது."

அவர் விடவில்லை. பத்து வருஷமாக ஒரே நோட்டைப் பார்த்து எழுதிப்போடுகிறோம், அடுத்த ஊர் டீச்சருக்குத் தெரிந்த நல்ல வழி நமக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது என்றார். கடைசியில், "உங்க பேரைப் போட்டே எழுதறேன்" என்றார். அதற்கப்புறம் நான் மறுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல வாசலில் நின்றே எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் காட்டினார். முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக் கம்ப்யூட்டரில் காட்டப் போனார், அதில் தமிழ் எழுத்து வரவில்லை. வரிசை வரிசையாகக் கட்டம்தான் தெரிந்தது. "என்னாய்யா இது, பாத்ரூமுக்கு டைல்ஸு ஒட்டின மாதிரி இருக்குது?" என்று பிரின்சிபால் எழுந்து போய்விட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'ஆரோக்கியமேரி முறை'. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு நான் சொன்ன அத்தனையும். ஐந்தாவது வரி: 'ஒரு மூட்டை மண்ணுக்கு ஒரு மூடி மருந்து.'

பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேன். வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் நான் போகவே இல்லை. சுவரிலேயே இருக்கும்போது திரையில் எதற்குப் பார்க்க வேண்டும்? சுவரில் இருந்தது மாறவே இல்லை. திரையில் இருந்தது மாறிக்கொண்டே இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

4. யார் கை வைத்தது

ஸ்டோர் வேலை என்பது உட்கார்ந்திருக்கிற வேலை. பிளாஸ்டர் மூட்டை எண்ண வேண்டும், எண்ணியதையே மறுபடி எண்ண வேண்டும். ஹாலில் வேறு ஒருவரை விட்டு மண் கரைத்தார்கள். ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் குச்சி சுற்றுவது தெரியும். பாயசம் கிண்டுகிற மாதிரி சுற்றுவார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ரிடையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஸ்டோரிலிருந்தே ரிடையர் ஆனால் கடைசிவரை என் பேர் என்னவாக இருக்கும்? வாத்தைக் கொன்ற மேரி. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் இளவழகன் சார் ஸ்டோருக்கு வந்தார்.

"மேரிம்மா, அன்னிக்கு நீங்க என்னா அளவு சொன்னீங்க?"

"ஒரு மூடி."

"அதான், எந்த மூடி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூடின்னா எந்த மூடி சார்? தேங்கா மூடிதான்! ஹாலு அலமாரியில கொட்டாங்குச்சி வச்சிருக்கனே, அதால ஒரு மூடி. இத்தினி வருசமா அதுலதான் ஊத்தறேன். நீங்க பாத்ததில்ல?"

சார் பிளாஸ்டர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை. வாசலோடு நின்றவருக்குக் கொட்டாங்குச்சி எப்படித் தெரியும்?

"கம்ப்யூட்டர காட்டுங்க" என்றேன்.

ஆபீசுக்குப் போனோம். எழுத்துக் கூட்டினேன். 'ஒரு மூட்டை மண்ணுக்கு ஒரு ப, க், கெ, ட்...'

"பக்கெட்டா? ஒரு பக்கெட்டு மூடி மருந்தா? யாரு சார் பக்கெட்டக் கொண்டாந்தது?"

சார் மேலே ஒரு இடத்தில் அமுக்கினார். அந்தப் பக்கத்தில் யார் எந்த நாள் எந்த வார்த்தையில் கை வைத்தார்கள் என்று அது வரிசையாகக் காட்டும். இப்படி ஒரு பட்டன் ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சர்க்கரை டப்பாவுக்காவது இருக்க வேண்டும்.

கடைசி வரி: 'பக்கெட் மூடி' என்று மாற்றியவர், வசந்தகுமாரி.

"பாத்தீங்களா? அந்தம்மாவே கை வச்சிட்டு எம்மேல கடுதாசி போட்டிருக்காங்க!"

"இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது" என்றார் சார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அதற்கு முந்தின வரியை நானே படித்தேன். 'மூடி' என்று இருந்ததை 'பாட்டில் மூடி' என்று மாற்றியவர், இ, ள, வ, ழ, க, ன்.

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"படிக்கறவங்களுக்குப் புரியட்டும்னுதான் மேரிம்மா..." என்றார் சார். "சிலிகேட்டு பாட்டில்லதான் இருக்குது. மூடின்னா பாட்டிலு மூடின்னு நெனச்சிகினேன்."

நடந்தது இதுதான், பின்னால் அந்த டீச்சரே சொன்னது. வசந்தகுமாரி டீச்சர் முதலில் பாட்டில் மூடியால் ஒரு மூடி விட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு மூட்டை மண்ணுக்கு அது எந்த மூலைக்கு? களி அப்படியே நின்றிருக்கிறது. அவர்கள் ஊரில் மருந்து பிளாஸ்டிக் பக்கெட்டில் வருமாம். சின்ன மூடி பற்றாவிட்டால் பெரிய மூடியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தம்மா நினைத்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மூடி. மற்ற ஊர்க்காரர்களும் ஏமாறக் கூடாதே என்று நல்ல மனசோடு பக்கத்தையும் திருத்தி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பெரிய மூடியால் கரைத்து, கெட்டியாவதற்குள் வாத்து ஊற்றியிருக்கிறார்.

ஆக, ஒவ்வொருவரும் நல்லதுக்குத்தான் உப்புப் போட்டார்கள். என் குழம்புதான் கடலாகிவிட்டது.

"இத பிரின்சிபால் கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"நானே போறேன்" என்று எழுந்தார். போனவர் அரைமணி நேரம் கழித்து வந்தார். வசந்தகுமாரி டீச்சர் இரண்டு நாளில் நேரில் வருகிறாராம். அவர் முன்னால் நான் கரைத்து ஊற்றிக் காட்ட வேண்டும். நன்றாக வந்தால் ஹால், வராவிட்டால் ஸ்டோர். பிரின்சிபால் அப்படித்தான் சொன்னாராம்.

"அவ்ளோதானா?" என்றேன். எனக்கு அப்போதே பாதி ஹாலுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

5. கையைக் கேட்காத நாள்

வசந்தகுமாரி டீச்சர் ஜங்ஷனில் ரயில் இறங்கி ஆட்டோவில் வந்தார். நாற்பது வயசு இருக்கும். மடியில் துண்டு சுற்றிய ஒரு மூட்டை. பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்து மேசை மேல் வைத்துப் பிரித்தார். வாத்து அச்சு. உள்ளே வாத்து. அலகு மட்டும் வெளியே தெரிந்தது.

"நீங்கதான் மேரிம்மாவா?"

"ஆமா டீச்சர், நான்தான்."

"இத வெளியில எடுங்க பாக்கலாம்."

"உள்ள போட்டது நீங்க, வெளிய எடுக்கறது நானா?" என்றேன். பிரின்சிபால் இருமினார். பிள்ளைகளெல்லாம் ஹாலில் வரிசையாக நின்றார்கள். பரீட்சைக்குக்கூட அவ்வளவு பேர் ஒழுங்காக வந்ததில்லை.

இரண்டு டிரம்மில், டிரம்முக்கு ஒரு மூட்டை மண் ஊற வைத்திருந்தேன். அலமாரியைத் திறந்தால் என் கொட்டாங்குச்சி இல்லை. பரீட்சைக்கு ஹாலைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தப் பாயசக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். பரவாயில்லை, மூடிக்கா பஞ்சம் என்று கேண்டீனிலிருந்து ஒன்று வாங்கிவரச் சொன்னேன். வந்தது கொஞ்சம் பெரியதாக இருந்தது. நான் கவலைப்படவில்லை.

எல்லாரும் பார்க்கும்படி மூடியைத் தூக்கிக் காட்டினேன். "இதாங்க மூடி. பாட்டிலு மூடி இல்ல, பக்கெட்டு மூடி இல்ல. ஒரு மூட்டைக்கு இதுல ஒண்ணு." விளிம்புவரை மருந்தை ஊற்றி, டிரம்மில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன். குச்சியை விட்டுச் சுற்றினேன்.

முதலில் பால் மாதிரி இளகியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி. இன்னும் பத்துச் சுற்று சுற்றினேன். குச்சி கனத்தது. இன்னும் பத்து. கையை எடுத்தேன். குச்சி டிரம் நடுவில் தானாகவே நின்றது.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வசந்தகுமாரி டீச்சர் நின்ற குச்சியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அக்கா, கேண்டீன்லயும் பக்கெட்டு மூடிதான் போலருக்கு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இளவழகன் சார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். இத்தனை வருஷத்தில் என் டிரம்மில் குச்சி நின்றதே இல்லை. அதுவும் இந்த ஆள்கள் முன்னால்.

"இன்னொரு டிரம்மு இருக்குது" என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டேன்.

இரண்டாவது டிரம்மில் பேசாமல் வேலை செய்தேன். மூடியில் மருந்தை எடுத்து, கொஞ்சம் விட்டேன், சுற்றினேன், குச்சியைத் தூக்கிப் பார்த்தேன். பிண்டமாக விழுந்தது. மறுபடி கொஞ்சம் விட்டேன், சுற்றினேன், தூக்கினேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. மறுபடி கொஞ்சம். தூக்கினேன். எண்ணெய் மாதிரி நூல் அறாமல் விழுந்தது. நிறுத்திவிட்டேன்.

"நிறுத்துங்க!" என்று டீச்சர் கத்தினார். நான் ஏற்கனவே நிறுத்தியிருந்தேன். "அக்கா, மூடியில மீதி இருக்குது பாருங்க!"

பார்த்தேன். மூடியில் பாதிக்குக் கொஞ்சம் கீழே மருந்து அப்படியே இருந்தது.

"எப்பவும் மீதி வெப்பீங்களா?"

"மீதிய பாட்டில்லயே ஊத்திடுவேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றுவரை நான் வாழ்நாளில் ஒரு முழு மூடி மருந்தை ஊற்றியதே இல்லை. மூடியில் எடுப்பேன், கை விடும், கண் பார்க்கும், நூல் விழுந்தால் கை நிற்கும். என் பழைய மூடி சின்னது, அதிலும் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இளவழகன் சார் கேட்டபோது என்ன சொன்னேன்? ஒரு மூடி. அன்று ஹாலில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று, நான் சொன்னதை நானே நம்பி அப்படியே கவிழ்த்துவிட்டேன். என் கையைக் கேட்காமல் என் வாயைக் கேட்டேன்.

பாட்டில் என்று எழுதிய சாரும் பக்கெட் என்று எழுதிய டீச்சரும் செய்ததைவிட நான் செய்தது குறைவில்லை. அவர்கள் மூடியை மாற்றினார்கள். நான் மூடியே இல்லாத இடத்தில் மூடி என்று சொல்லிவிட்டேன்.

அதை அங்கேயே சொல்லிவிட்டேன். "தப்பு எம்மேலயும் இருக்குது சார்" என்றேன் பிரின்சிபாலிடம். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. என்னிடமிருந்து யாருமே எதிர்பார்த்ததில்லை.

டீச்சர் தன் பையிலிருந்து அளவு ஜாரை எடுத்தார். மருந்து எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு மீந்தது என்று அளந்து பார்த்தார். போனது நூற்று இருபத்தைந்து மில்லி. அதற்குள் இளவழகன் சார் ஒரு காரியம் செய்தார். ஹாலுக்குள் வந்து டிரம் பக்கத்தில் நின்று, குச்சியை வாங்கி, தானே தூக்கிப் பார்த்தார். நூல் விழுந்தது. கொஞ்சம் சட்டையிலும் விழுந்தது.

"ஓ, இதானா!" என்றார். இத்தனை வருஷம் போர்டில் எழுதியதை அன்றுதான் பார்த்தார்.

"ஆனா எங்க மண்ணு வேற மேரிம்மா" என்றார் டீச்சர். "எங்களுக்கு இதே மில்லி செரியா வருமா?"

"அப்பிடியே வராது டீச்சர். மில்லி பக்கத்துல கொண்டுபோயி வுடும். மீதிய குச்சி சொல்லும்."

அந்த மண்பாலை யானை அச்சில் ஊற்றினோம். காதுமடல் பதம் வந்ததும் பிரித்தேன். தும்பிக்கை நுனிவரை முழுசாக வந்தது. பிரின்சிபால் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு ஹாலுக்கு வந்துடுங்க" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "ஜாரோட."

"ஜாரோட வரேன் சார். ஆனா என்னா படிச்சவ சொன்னதுன்னு கேட்டா, மூணாங் கிளாஸுன்னே சொல்லுங்க. அதுல வெக்கமில்ல."

அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்களுக்குக் காது நல்லா கேக்குது மேரிம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

6. எனக்குப் பிடித்த பட்டன்

டீச்சர் கொண்டுவந்த வாத்தை வெயிலில் காயவைத்துச் சுரண்டி எடுத்தேன். அவர்கள் ஊரில் மற்றவற்றையும் அப்படியே செய்யச் சொன்னேன். பாதி அச்சு தேறியது. தேறாததுக்கு எங்கள் பிள்ளைகளே பிளாஸ்டரில் புது அச்சு ஊற்றிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பக்கத்தை நான்தான் திருத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இளவழகன் சார் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தமிழ் எழுத்தைப் பேப்பரில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். டைப்பிஸ்ட் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மில்லி தெரிந்தும் என் மூடியை விட மனசில்லாமல், 'பக்கெட்' இருந்த இடத்தில் 'தேங்காய்' என்று ஒரே ஒரு வார்த்தை அடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ங் எங்கே இருக்கிறது என்று தேடியே பாதி நேரம் போனது. அடித்து முடித்துச் சேமிக்கப் போகும்போது ஆபீசில் போன் அடித்தது, இண்டர்நெட் அறுந்தது. திரும்பவும் அடித்தேன்.

மறுநாள் பார்த்தால் கீழே வசந்தகுமாரி டீச்சர் கேட்டிருந்தார்: 'எந்த ஊர்த் தேங்காய் அக்கா?'

முன்பு என்றால் எனக்குச் சுர்ரென்று வந்திருக்கும். அன்று நான் செய்தது, மூடியையே எடுத்துவிட்டு மில்லியை எழுதியது. அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நாள் ஆனது சேர்க்க: 'மருந்தை ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள். கொஞ்சம் விட்டு, குச்சியைத் தூக்கிப் பாருங்கள். நூல் விழுந்தால் நிறுத்துங்கள்.' யார் கை வைத்தது என்று காட்டும் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். இளவழகன், வசந்தகுமாரி, அதற்கு அடுத்து என் பெயர். ரிஜிஸ்டரில் உதவியாளர் என்று இருந்தது. இங்கே வெறும் பெயர் மட்டும், மற்றவர்களுடையது மாதிரியே. மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய பிரிண்டை அன்றே கிழித்துவிட்டேன்.

சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் கைக்குத் தெரிந்தது உங்கள் வாய்க்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். எழுதும்போது கை கூடவே போவதில்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு நீங்களே டிரம் பக்கம் போய், அதில் உள்ளபடியே ஒரு தடவை செய்து பாருங்கள். குச்சி நின்றால் திருத்துங்கள். அடுத்தவர் திருத்தினால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அவருக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

ரிடையர் ஆகிற நாள்வரை ஹாலில்தான் இருந்தேன், ஜாரோடு. கடைசி நாள் மாலை போட்டுவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். நான் எழுதிய அந்தக் குச்சி வரிக்குக் கீழே, பெயர் தெரியாத ஏதோ ஊர் வாத்தியார் ஒருவர் புதிதாக ஒரு கேள்வி போட்டிருந்தார்.

'எந்தக் குச்சி?'

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், இப்போது கத்தப் போகிறாள் என்று. நான் கழுத்து மாலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்துத் தேட ஆரம்பித்தேன். மண்ணைக் கரைப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார், நல்ல மனுஷன். இந்தத் தடவை அச்சு பிழைத்தது.